பயணத்தில் களவு: பெற்றோரும் இளையோரும் அறிந்திருக்க வேண்டியவை

(கோடை விடுமுறைக்கு முன்னதாக இலண்டனில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சில வாரங்களில் பாடசாலைகள் விடுமுறைக்காக மூடப்படவுள்ளன. பாரிசில் ஒரு கலியாணம், சுவிசில் ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஜேர்மனியில் பெரியம்மா வீடு, லூர்து மாதா யாத்திரை, ஆகஸ்ட் மாத இறுதியில் பாரிஸ் மாணிக்கப் பிள்ளையாரின் தேர். எம்மவரின் கோடைகாலம் பெரும்பாலும் இவ்வாறே கழிகின்றது. உல்லாசப் பயணம் என்று நாம் பெயர் சூட்டினாலும் இவை உறவைத் தேடிச் செல்லும் பயணங்களே. போரின் காரணமாக ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நான்கைந்து நாடுகளில் வாழ நேர்ந்த பின்னர், ஒரு மாமனைப் பார்ப்பதற்கே கடவுச்சீட்டு வேண்டியிருக்கின்றது.

இத்தகைய பயணங்களில் நேரும் சிறு களவுகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருந்தார்கள். சிறு களவு என்பது களவாடப்பட்ட பொருளின் பெறுமதியைக் கொண்டு வைத்த பெயர். ஒரு பணப்பை, ஒரு கைத்தொலைபேசி, தோளில் மாட்டிய ஒரு பை. சட்டத்தின் கண்ணுக்கு அது சிறியது. ஆனால் அந்தப் பைக்குள் ஓர் அகதியின் பயண ஆவணம் இருந்தால் அதன் பின்விளைவு சிறியதாக இருப்பதில்லை. இதனைப் பற்றியே இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். எச்சரிக்கையாக இருங்கள் என்ற பொது அறிவுரையை நீங்கள் எல்லோரும் ஏற்கனவே கேட்டிருப்பீர்கள்.

பாரிசையே உதாரணமாக எடுத்துக்கொள்கின்றேன். எம்மவர் அதிகம் செல்லும் நகரம் அது. 2025 ஒக்டோபரில் லூவர் அருங்காட்சியகத்தில் அரச நகைகள் களவாடப்பட்டதை உலகமே பேசியது. ஆனால் அதே லூவர் 2013 ஏப்ரலில் ஒருநாள் முழுவதும் மூடப்பட்டது பலருக்கு நினைவிராது. அன்று அங்கே ஓவியம் எதுவும் களவு போகவில்லை. பார்வையாளர்களிடமும் ஊழியர்களிடமும் கைவரிசை காட்டிய முடிச்சுமாறிக் கூட்டங்களின் தொல்லை தாங்காமல் ஊழியர்கள் பணியை நிறுத்தினார்கள். 2015 மே மாதத்தில் ஈபெல் கோபுரத்திலும் அதே காரணத்துக்காக ஊழியர்கள் வேலையை நிறுத்த, கோபுரம் பல மணி நேரம் மூடப்பட்டது. அங்கேயே நாளாந்தம் நின்று பணிபுரிபவர்களுக்கே அந்நிலை என்றால், பெட்டியும் கையுமாக வந்திறங்கும் நாம் எம்மாத்திரம்?

இலண்டனில் இருந்து செல்லும் யூரோஸ்டார் தொடருந்து கார் து நோர் நிலையத்தில் எம்மை இறக்கிவிடுகின்றது. விமான நிலையத்தில் இருந்து வரும் தொடருந்தும் அங்கேதான் வந்து சேருகின்றது. அங்கிருந்து லாச்சப்பலுக்குச் சில நிமிட நடைதான். அந்தச் சில நிமிட நடையைப் பற்றி நான் பலரிடம் கேட்டறிந்திருக்கின்றேன். தொடருந்தை விட்டு இறங்கும்போது எம்மவர் கவனமாகவே இருக்கின்றார்கள். பையை மார்போடு அணைத்துக்கொள்கின்றார்கள், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்கின்றார்கள். வீதியைக் கடந்து முதலாவது தமிழ்ப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் அந்தப் பிடி தளர்ந்துவிடுகின்றது. தமிழில் பேச்சுக் கேட்கின்றது, கொத்துரொட்டியின் ஓசை கேட்கின்றது, புடவைக் கடைக்காரர் அக்கா என்று அழைக்கின்றார். ஊருக்கே வந்துவிட்டதைப் போன்ற உணர்வு. பெட்டியைக் கடை வாசலில் வைத்துவிட்டு மாம்பழத்தின் விலை கேட்கின்றோம். உணவகத்தில் கைப்பையைக் கதிரையின் முதுகில் கொழுவுகின்றோம். தொழில்முறைக் கள்வனுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. புதிதாக வந்திறங்கியவரின் முகம் எப்படி மலரும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அந்தக் கடைத்தெரு ஒரு பெருநகரத்தின் மிக நெரிசலான தொடருந்து நிலையத்தின் ஓரத்தில் இருக்கின்றது என்பதை நாம்தான் மறந்துவிடுகின்றோம்.

களவின் முறைகள் பழையவை. மெற்றோவின் கதவு மூடும் ஒலி எழும்பும் கணத்தில் கையிலிருக்கும் தொலைபேசியைப் பறித்துக்கொண்டு மேடையில் குதிப்பது ஒன்று. கதவு மூடிவிடும், நீங்கள் உள்ளே, அவன் வெளியே. ஆதலால் கதவோரம் நின்றுகொண்டு தொலைபேசியைப் பார்க்கக் கூடாது. பயணச்சீட்டு இயந்திரத்தின் அருகே வலிந்து வந்து உதவுபவர் இன்னொருவர். வாய்பேச இயலாதோருக்கான மனு என்று தாளொன்றை நீட்டிக் கையொப்பம் கேட்பவர்கள் உண்டு. நீங்கள் குனிந்து எழுதும்போது அந்தத் தாளின் அடியில் இன்னொரு கை வேலை செய்யும். மொன்மார்த் குன்றின் படிகளில் கையைப் பற்றி நூல் கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். நிலத்தில் கிடந்த மோதிரத்தை எடுத்து, இது உங்களுடையதா என்று கேட்பார்கள். தங்கத்தில் ஆசையுள்ள எம்மினத்தவருக்கு இந்தக் கடைசிச் சோதனை கொஞ்சம் கடினமானதுதான். சட்டையில் எதையோ ஊற்றிவிட்டுத் துடைக்க வருபவரும், சாதாரண உடையில் வந்து பொலிஸ் என்று கூறிப் பணப்பையைக் காட்டச் சொல்பவரும் பாரிசுக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். பார்சிலோனாவின் ரம்ப்ளா வீதியிலும், உரோமாபுரியின் தெர்மினி நிலையத்தில் இருந்து வத்திக்கான் பக்கமாகச் செல்லும் 64ஆம் இலக்கப் பேருந்திலும் இவர்களை எதிர்பார்க்கலாம். உண்மையான காவல்துறையினர் வீதியில் வைத்து உங்கள் பணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஐயம் எழுந்தால், பொலிஸ் நிலையத்துக்கு வந்து காட்டுகின்றேன் என்று சொல்லுங்கள். போலிகள் அத்தோடு நகர்ந்துவிடுவார்கள்.

இங்கே ஓர் இடைச்சொருகல். களவு கொடுத்தவர்களிடம் பேசும்போது, அந்த இனத்தவன், இந்த நிறத்தவன் என்ற பேச்சு உடனே வந்துவிடுகின்றது. பிள்ளைகளின் முன்னிலையிலேயே அது நடக்கின்றது. ஓர் இனத்தின் முகமே சந்தேகத்துக்குரியது என்று கருதப்பட்ட காலத்தையும் இடத்தையும் கடந்து வந்தவர்கள் நாம். அந்தப் பேச்சை எமது வாயால் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை. நடைமுறையிலும் அது பயனற்றது. நல்ல உடையணிந்து, கையில் நகரப் படத்தோடு வழி கேட்பவரிடம் பையைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். முகத்தைப் பார்ப்பதை விடுத்துக் கையைப் பாருங்கள், இடைவெளியைப் பாருங்கள். காலியாக இருக்கும் பெட்டியில் ஒருவர் உங்களை உரசிக்கொண்டு நின்றால் அவர் எந்நாட்டவர் என்பது முக்கியமன்று.

இனி முக்கியமான பகுதிக்கு வருகின்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உறவினர் திருமணத்துக்காகப் பாரிஸ் சென்றிருந்தது. தாய் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். தந்தை மட்டும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் அகதிகளுக்கான பயண ஆவணத்தையே வைத்திருந்தார். நால்வரது ஆவணங்களும் தாயின் ஒரே கைப்பையில் இருந்தன. உணவகத்தில் மேசைக்கு அடியில் வைத்த கைப்பை, தேநீர் குடித்து முடிவதற்குள் காணாமற் போயிற்று. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பிரித்தானியத் தூதரகம் இரண்டு நாட்களில் அவசரப் பயண ஆவணம் வழங்கியது. தந்தைக்கு அது கிடைக்கவில்லை. அவர் குடிமகன் அல்லர் என்பதால் அவரது கோரிக்கை வேறு வழியில், உள்துறை அமைச்சின் சரிபார்ப்புக்கு உட்பட்டுச் செல்ல வேண்டியிருந்தது. ஐந்து வாரங்கள் அவர் மைத்துனரின் வீட்டு வரவேற்பறையில் படுத்துறங்கினார். வேலை போயிற்று. இங்கே மூத்த பிள்ளைக்குப் பாடசாலை தொடங்கிவிட்டது. அந்தச் சிறு களவில் போன காசு 200 யூரோவுக்கும் குறைவு.

ஏன் இந்த வேறுபாடு என்பதை இளையோர் விளங்கிக்கொள்ள வேண்டும். அகதிகளுக்கான பயண ஆவணம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 28ஆம் உறுப்புரையின் கீழ் வழங்கப்படுவது. பார்வைக்குக் கடவுச்சீட்டைப் போலவே இருக்கும். அதன் இணைப்பில் 13ஆம் பந்தி, ஆவணம் செல்லுபடியாகும் காலத்தில் அதனை வைத்திருப்பவரை வழங்கிய நாடு மீண்டும் உள்ளே அனுமதிக்க வேண்டும் என்கின்றது. 16ஆம் பந்தியோ, இந்த ஆவணம் வழங்கப்பட்டதனால் மட்டும் அந்த நாட்டின் தூதரகப் பாதுகாப்பைக் கோரும் உரிமை ஒருவருக்கு ஏற்படாது என்கின்றது. அதாவது, ஆவணம் கையில் இருக்கும்வரை கதவு திறந்திருக்கும். அது களவு போனால், கதவைத் தட்டும்போது நீங்கள் யார் என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் கடவுச்சீட்டும் உங்கள் பயண ஆவணமும் ஒரே பையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலும் அவற்றின் பின்னால் நிற்கும் பலம் ஒன்றன்று.

அந்தத் தந்தைக்கு ஓர் உறவினர் கூறிய ஆலோசனையையும் சொல்லியாக வேண்டும். பாரிசில் இலங்கைத் தூதரகம் இருக்கின்றதே, அங்கே போய் ஒரு பாஸ்போட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாராம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் உடன்படிக்கையின் 1ஆம் உறுப்புரையின் இ பிரிவு, ஒருவர் தமது சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் பெற்றுக்கொண்டால் அவருக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது போகலாம் என்கின்றது. பயந்து ஓடி வந்த நாட்டின் தூதரகத்தில் கடவுச்சீட்டுக் கேட்பது அவரது அகதித் தகுதியையே கேள்விக்குள்ளாக்கக் கூடிய செயல். ஐந்து வாரத் துன்பத்தைத் தவிர்க்கப் போய் இருபது வருட வாழ்வைப் பணயம் வைக்கக் கூடாது. செல்ல வேண்டிய இடம் ஆவணத்தை வழங்கிய நாட்டின் தூதரகம். இங்கே உங்களுக்கு ஒரு குடிவரவுச் சட்டத்தரணி இருந்தால் அவருக்கும் அன்றே அறிவியுங்கள்.

கனடாவில் இருந்து வருவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நிரந்தர வதிவிட அட்டை களவு போனால் விமான நிறுவனம் அவர்களை ஏற்றாது. வெளிநாட்டில் இருந்தவாறே நிரந்தர வதிவாளருக்கான தனியான பயண ஆவணம் ஒன்றுக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும். பிரித்தானியாவில் வதிவிட அட்டைகள் 2024 டிசெம்பர் இறுதியோடு பயன்பாட்டில் இருந்து நீங்கி, வதிவிட உரிமை இலத்திரனியல் பதிவாகிவிட்டது. அட்டையே இல்லையென்றால் களவும் இல்லை என்று மகிழ வேண்டாம். அந்தப் பதிவைத் திறப்பதற்கான குறியீடு கைத்தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வருகின்றது. தொலைபேசியைப் பறிகொடுத்தவர், மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் நினைவில் இல்லையென்றால், என்ன செய்வார்? நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பலருக்கு அந்த மின்னஞ்சலை உருவாக்கிக் கொடுத்தவர்கள் அவர்களது பிள்ளைகள். தம்பி, தங்கைமாரே, அம்மா அப்பாவின் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கின்றது, எந்த இலக்கத்துக்குக் குறியீடு வருகின்றது என்பதைப் பயணத்துக்கு முன்னர் அவர்களோடு அமர்ந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்ததாக முறைப்பாடு. எம்மவர் மிகவும் தயங்கும் இடம் இதுவே.

இளையோர் சிலர் என்னிடம் கேட்டிருக்கின்றார்கள், பை களவு போன பிறகும் அப்பா ஏன் பொலிசுக்குப் போக மாட்டேன் என்கின்றார், அவர்தானே பாதிக்கப்பட்டவர் என்று. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு அது புரியாத புதிராகத்தான் இருக்கும். உங்கள் தந்தையின் இளமைக்காலத்தில் அடையாள அட்டை என்பது உயிர். அதனை வீட்டில் மறந்துவிட்டுச் சோதனைச்சாவடிக்குப் போன இளைஞன் மாலையில் வீடு திரும்புவான் என்ற உறுதி இருக்கவில்லை. அட்டை தொலைந்துவிட்டது என்று பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்வதே ஆபத்தாக இருந்த நாட்கள் அவை. என்ன, தொலைந்ததா? யாரிடம் கொடுத்தாய்? என்று விசாரணை திசைமாறும். அந்த நாட்கள் உடம்பில் எங்கோ தங்கியிருக்கின்றன. ஆதலால் பாரிசில் பை போனதும் உங்கள் தந்தை வெளிறிப்போய் நிற்கும்போது அவர் 200 யூரோவை எண்ணிக் கலங்குகின்றார் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வேளையில் அவரை அவசரப்படுத்தவும் வேண்டாம், ஏளனம் செய்யவும் வேண்டாம். கூடவே செல்லுங்கள்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது, முறைப்பாட்டில் உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு என்பதே. பிரான்சில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15-3ஆம் பிரிவின்படி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் முறைப்பாட்டை எந்தப் பொலிஸ் நிலையமும் ஏற்க வேண்டும். களவு நடந்த இடம் தமது எல்லைக்குள் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டில் இயற்றிய பாதிக்கப்பட்டோர் உரிமைப் பணிப்புரை, முறைப்பாட்டுக்கு எழுத்து மூலமான பற்றுச்சீட்டு வழங்க வேண்டும் என்றும், அந்நாட்டு மொழி தெரியாதவர் தமக்குப் புரியும் மொழியில் முறையிட அல்லது மொழியுதவி பெற வழிசெய்ய வேண்டும் என்றும் கூறுகின்றது. பாதிக்கப்பட்டவரின் வதிவிட நிலையைக் காரணம் காட்டி இவ்வுரிமைகளை மறுக்க முடியாது. தாளில் உள்ள உரிமைக்கும் வரிசையில் நிற்கும் அனுபவத்துக்கும் இடைவெளி உண்டு. கோடைகாலத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். பொறுமையோடு காத்திருந்து அந்தத் தாளைப் பெற்றுக்கொண்டே வெளியேறுங்கள். அது இல்லாமல் காப்புறுதியும் நகராது, தூதரகத்திலும் அதனைக் கேட்பார்கள்.

அதே பணிப்புரையின் 17ஆம் உறுப்புரை ஒன்றிய நாடுகளில் வசிப்போருக்கு இன்னொரு வசதியையும் தருகின்றது. களவு நடந்த நாட்டில் முறையிட முடியாமற் போனால், தாம் வசிக்கும் ஒன்றிய நாட்டுக்குத் திரும்பிய பின்னர் அங்கேயே முறையிடலாம். ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் உள்ள எமது உறவுகளுக்கு இதனைச் சொல்லுங்கள். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பிரித்தானியா, சுவிஸ், நோர்வே ஆகிய நாடுகளில் வாழ்வோர் இதனை நம்பியிருக்க முடியாது. நாம் அங்கேயே முறையிட்டுவிட்டு வருவதுதான் பாதுகாப்பானது.

முறைப்பாட்டில் ஒரு சொல் மிக முக்கியம். எம்மவர் பலர் பயத்தினாலோ கூச்சத்தினாலோ தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுகின்றார்கள். பிரான்சில் தொலைந்ததற்கான அறிவித்தல் வேறு, களவுக்கான முறைப்பாடு வேறு. இரண்டும் வெவ்வேறு தாள்கள். களவுக்கு இழப்பீடு தரும் காப்புறுதி, தவறவிட்ட பொருளுக்குத் தராமல் விடலாம். களவு என்றால் களவு என்றே சொல்லுங்கள். எப்போது, எங்கே, எந்த மெற்றோப் பாதை, பைக்குள் என்னென்ன இருந்தன என்பவற்றை நிலையத்துக்குப் போகும் முன்னரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல காப்புறுதி நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் முறையிட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. பயணம் புறப்படும் முன்னர் உங்கள் ஒப்பந்தத்தில் அதனை மட்டுமாவது வாசியுங்கள். கவனிப்பாரற்று விடப்பட்ட பொருளுக்கு இழப்பீடு இல்லை என்ற வரியும் பெரும்பாலும் அதில் இருக்கும்.

எப்படியும் எழுதுகின்றோம், இரண்டு சங்கிலியையும் ஒரு கமெராவையும் சேர்த்து எழுதினால் என்ன என்று ஆலோசனை கூறும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றார்கள். அது மோசடி. களவு கொடுத்தவர் தாமே குற்றம் செய்தவராக மாறும் வழி அது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கும் ஒருவருக்கு அதன் விலை ஒரு கமெராவை விட மிகமிக அதிகம்.

கடவுச்சீட்டு களவு போனதாக அறிவித்த பின்னர் அது வீதியோரக் குப்பைத்தொட்டியில் கிடந்து மீளக் கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கள்வர்கள் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆவணத்தை வீசிவிடுவது உண்மைதான். ஆனால் அறிவித்த கணத்தில் இருந்து அது இரத்துச் செய்யப்பட்ட ஆவணம். களவு போன, தொலைந்த பயண ஆவணங்களுக்கென இன்ரபோல் அமைப்பு 2002ஆம் ஆண்டில் ஒரு தரவுத்தளத்தை ஏற்படுத்தியது. பல நாடுகளின் எல்லைகளில் அதைக்கொண்டு சோதிக்கின்றார்கள். கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அதனையே நீட்டினால் எல்லையில் தடுத்து நிறுத்தப்படுவீர்கள். கிடைத்த ஆவணத்தைத் தூதரகத்திடமே ஒப்படைத்துவிடுங்கள்.

வங்கி அட்டையைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொலிசுக்குப் போகும் முன்னரே செய்ய வேண்டும். உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை முடக்குங்கள். அறிவிக்கும் முன்னர் கள்வன் எடுத்த பணத்தில் உங்கள் தலையில் விழக்கூடிய பங்கு பிரித்தானியாவில் ஆகக்கூடியது 35 பவுண், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆகக்கூடியது 50 யூரோ. அறிவித்த பின்னர் எடுத்த பணத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் இரகசிய இலக்கத்தைச் சிறு தாளில் எழுதி அட்டையோடு வைத்திருந்தால் பெரும் கவனக்குறைவு என்று வங்கி வாதிடும், அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். எம் தாய்மாரின் பணப்பைகளில் அந்தத் தாள் இருக்கின்றது. சிலர் அதனைச் சாமிப் படத்தின் பின்னால் வைத்திருக்கின்றார்கள்.

கைத்தொலைபேசி இன்று பணப்பையை விடப் பெறுமதியானது. அதன் அடையாள இலக்கத்தை, நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என அழுத்திப் பெற்று வீட்டில் எழுதி வையுங்கள். ஐபோன் வைத்திருப்போர், 2024 ஜனவரியில் அறிமுகமான களவுக்கெதிரான பாதுகாப்பு வசதியை அமைப்புகளில் திறந்துவிடுங்கள். களவு போன சில நாட்களில், உங்கள் தொலைபேசி கிடைத்துவிட்டது, இங்கே அழுத்துங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வரக்கூடும். அனுப்புவது பெரும்பாலும் கள்வனின் கூட்டம்தான். பூட்டைத் திறக்க உங்கள் கடவுச்சொல் அவர்களுக்குத் தேவைப்படுகின்றது.

நகையைப் பற்றிப் பேசாமல் போனால் இங்கிருக்கும் தாய்மார் என்னை மன்னித்துவிடுவார்கள், ஆனாலும் பேசத்தான் வேண்டும். எமது இனத்தவரிடம் தங்கம் உண்டு என்பது ஐரோப்பியக் கள்வர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. தாலிக்கொடியை மடித்துச் சேலைக்குள் மறைத்தாலும் கழுத்தின் பின்புறம் தெரியும் தடித்த கொடி எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றது. கழுத்தில் இருப்பதைப் பறிக்கும்போது பொருளோடு உடம்பும் காயப்படுகின்றது. திருமண மண்டபத்துக்கு மெற்றோவில் செல்வதாயின் நகையை மண்டபத்தில் அணிந்துகொள்ளுங்கள். தாலியைக் கழற்றுவதா என்று கேட்பவர்கள், மெல்லிய சங்கிலியொன்றில் தாலியை மட்டும் கோத்து அணிந்து பயணம் செய்கின்றார்கள். இது இப்போது பல குடும்பங்களில் வழக்கமாகி வருகின்றது. பயணக் காப்புறுதிகளில் தனிப் பொருளொன்றுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு கொடியின் பெறுமதிக்கு அது கிட்டவும் வராது. எடுத்துச் செல்வதாயின் நகையின் நிழற்படமும் பற்றுச்சீட்டும் வீட்டில் இருக்கட்டும்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. கண்முன்னே அம்மாவின் பையைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடும்போது துரத்தத்தான் தோன்றும். துரத்தாதீர்கள். அவன் தனியாக வந்தவன் அல்லன். அவனது கையில் என்ன இருக்கின்றது என்பதும் உங்களுக்குத் தெரியாது. அவனைப் பிடித்துத் தாக்கினால், மொழி தெரியாத நாட்டில் கைவிலங்கு உங்கள் கையில் ஏறவும் கூடும். பிரான்சில் காவல்துறையின் அவசர இலக்கம் 17. ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் 112. இவ்விரண்டையும் மனதில் வைத்திருங்கள், ஏனெனில் தொலைபேசியில் சேமித்த இலக்கம் தொலைபேசியோடு போய்விடும். அப்பாவின் இலக்கம், அம்மாவின் இலக்கம், தங்கப்போகும் வீட்டின் முகவரி, இவற்றைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெற்றோருக்காக மொழிபெயர்த்து நிற்கும் காட்சியைப் பொலிஸ் நிலையங்களில் காண்கின்றோம். பிள்ளைக்கு அது பெரிய சுமை. மொழியுதவி கேட்கும் உரிமை உண்டு என்பதை நீங்கள் அறிந்திருந்தால் அந்தச் சுமையை இறக்கி வைக்கலாம்.

ஆவணங்களைப் பிரித்து வையுங்கள். ஒருவரின் பையில் எல்லோருடையதும் இருக்க வேண்டாம். பயண ஆவணம் வைத்திருப்பவர் அதனைச் சட்டைக்குள் அணியும் துணிப்பையில் தாமே வைத்திருக்கட்டும். நிழற்படம் உள்ள பக்கத்தின் பிரதியொன்று பெட்டியில், இன்னொன்று இங்கே நம்பிக்கையான ஒருவரிடம். பிரதியைக் கொண்டு பயணம் செய்ய முடியாது, ஆனால் ஆவண இலக்கமும் வழங்கிய திகதியும் கையில் இருந்தால் தூதரகத்தில் உங்களை அடையாளம் காணும் வேலை விரைவாக நடக்கும். மேலே நான் சொன்ன அந்தத் தந்தையிடம் பிரதி இருக்கவில்லை.

பக்கத்து அறையில் பிரதி எடுக்கும் இயந்திரமொன்று வைக்கப்பட்டுள்ளது. ஆவணங்களைக் கொண்டு வந்திருப்போர் இப்போதே பிரதி எடுத்துக்கொள்ளலாம். இளையோர் மூவர் உதவிக்கு நிற்கின்றார்கள். மின்னஞ்சல் கணக்கைத் திறக்க முடியாதவர்களும் அவர்களிடமே செல்லலாம். பயண ஆவணம் வைத்திருப்போர் மட்டும் சற்றுப் பொறுத்திருங்கள், உங்களோடு தனியாகப் பேச வேண்டியிருக்கின்றது.